பின்னலில் தப்பு தெரிகிறதா? ஊசியை உருவும் முன் இதைப் பாருங்கள்

மஃப்ளர், ஸ்வெட்டர் என்று ஊசியில் நூலைப் பின்னிக்கொண்டிருக்கும்போது ஏதோ சரியில்லை என்று கண்ணில் பட்டதும் கை தானாக ஊசியை உருவப் போகும். உருவாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, பின்னலை மடியில் விரித்து, தப்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஓரத்திலா, நடுவிலா? ஒரு வரிசை முழுக்கவா, இல்லை ஒரே கண்ணியில் மேலிருந்து கீழாகவா? இதற்குப் பதில் தெரிந்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். நூல் எந்த இடத்தில் எப்படிப் போனது என்பது பின்னலிலேயே பதிந்திருக்கிறது. பிரித்து முதலிலிருந்து தொடங்கியே ஆக வேண்டிய தப்புகள் மிகக் குறைவு. வாரக்கணக்கில் பின்னியதை, பத்து நிமிடத்தில் சரியாகிற ஒன்றுக்காக யாரும் பிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. அதற்கு இரண்டு கால். ஒன்று ஊசிக்கு முன்னால் இறங்கும், மற்றது பின்னால். வழக்கமான முறையில் பின்னுகிறவர்களுக்கு வலது கால் முன்னால் இருக்க வேண்டும். கீழே வரும் பல விஷயங்களுக்கு இந்த ஒன்று போதும்.

கண்ணி எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது

நான் பின்னிய முதல் மஃப்ளர் 40 கண்ணியில் தொடங்கியது. ஒரு முழம் வளர்ந்த பிறகு எண்ணினால் 47. இரண்டு ஓரமும் விசிறி போல விரிந்து நின்றன. எங்கேயும் கூட்டியதாக எனக்கு நினைவே இல்லை. புதிதாகப் பின்னுகிறவர்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான்.

கூடுதல் கண்ணி ஓரத்தில் முளைத்திருந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான். வரிசை முடிந்து திருப்பியதும் நூல் முன்பக்கம் தொங்கும். அதை ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோகாமல் ஊசியின் தலைக்கு மேலாக இழுத்துவிடுகிறோம். அப்போது முதல் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு காலும் ஊசிமேல் ஏறி, இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னினால் ஒன்று கூடிவிட்டது. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நூலைக் கீழ்நோக்கி ஒரு தடவை இழுத்துவிட்டுப் பின்னுங்கள். அந்த ஒரு அசைவிலேயே இது நின்றுவிடும்.

நடுவில் கூடியிருந்தால் அதன் அடியைப் பாருங்கள். சின்ன ஓட்டை தெரிந்தால், நிட்டிலிருந்து (நேர்க்கண்ணி) பர்லுக்கு (அதன் மறுபக்கமாக வரும் கண்ணி) மாறும்போது நூல் ஊசிமேல் ஒரு சுற்று சுற்றிக்கொண்டது. ஓட்டை இல்லாமல் கண்ணி மட்டும் மெலிந்து இருந்தால், ஊசி முனை நூலைக் கிழித்துப் புகுந்து, ஒரு கண்ணியின் புரிகளே இரண்டாகப் பிரிந்துவிட்டன. முதலாவதை அடுத்த வரிசையிலேயே கண்டுபிடித்தால் அந்தச் சுற்றை ஊசியிலிருந்து தள்ளிவிட்டால் போதும், தளர்ந்த நூலைப் பக்கத்துக் கண்ணிகள் வாங்கிக்கொள்ளும். இரண்டாவதற்கு அந்த இடம் வரை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கி அவிழ்த்து, புரிகளைச் சேர்த்துத் திரும்பப் பின்ன வேண்டும். பல வரிசை கடந்துவிட்டதென்றால், மஃப்ளர் மாதிரி வேலையில் ஓரத்தில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னிக் குறைத்துவிடலாம். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது.

எனக்குப் பலன் தந்த பழக்கம் ஒன்று: பத்து கண்ணிக்கு ஒரு அடையாள வளையம். கடையில் விற்கும் மார்க்கர் வேண்டும் என்றில்லை, வேறு நிற நூலில் முடிந்த சின்ன வளையம் போதும். வரிசை முடிவில் 47 எண்ண வேண்டியதில்லை, எந்தப் பத்தில் பதினொன்று இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

கண்ணி நழுவி ஏணிபோல இறங்குகிறது

முதல் வேலை, இறங்கிக்கொண்டிருக்கும் கண்ணியை ஒரு ஊக்கில் மாட்டுவது. அதுவரை பின்னலை இழுக்காதீர்கள், உதறாதீர்கள். மோஹேர் போன்ற முடி நிறைந்த நூலில் கண்ணி இருந்த இடத்திலேயே நிற்கும். சாதாரண உல்லன் நூலில் மெல்ல இறங்கும். பட்டு, பருத்தி, மூங்கில் விஸ்கோஸ் நூலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு வரிசை போய்விடும்.

இப்போது நூலுக்கு ஏற்ற தடிமனில் ஒரு குரோஷா ஊசி (முனையில் கொக்கி உள்ளது) எடுத்துக்கொள்ளுங்கள். பின்னல் ஊசியைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் வசதி. நிட் பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். குரோஷா ஊசியை முன்பக்கமிருந்து கண்ணிக்குள் நுழையுங்கள். கண்ணிக்குப் பின்னால் ஏணிப்படி போல நூல்கள் குறுக்கே ஓடுகிற இடத்தில் மிகக் கீழே இருக்கும் படியைக் கொக்கியில் பிடித்து, கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். ஒரு வரிசை ஏறிவிட்டது. அடுத்த படி, அடுத்தது. எந்தப் படியையும் விட்டுவிடாமல் வரிசையாக ஏறுங்கள். மேலே வந்ததும் வலது கால் முன்னால் இருக்கும்படி ஊசியில் ஏற்றுங்கள். கார்ட்டர் பின்னலில் (எல்லா வரிசையும் நிட்) ஒரு படியை முன்பக்கமும் அடுத்ததைப் பின்பக்கமுமாக இழுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு படிக்கும் பின்னலைத் திருப்பிக்கொண்டால் குழப்பம் வராது.

சரி செய்த இடம் முதலில் மேடுபள்ளமாகத் தெரியும். ஊசி முனையால் பக்கத்துக் கண்ணிகளை லேசாக நெம்பி நூலைப் பகிர்ந்துவிடுங்கள். மிச்சம் துவைக்கும்போது அடங்கிவிடும்.

ஒரு நிலைமை மட்டும் வேறு. கண்ணி பத்து வரிசைக்கு முன்பே நழுவி அங்கேயே நின்றுவிட்டது, நீங்கள் அது இல்லாமலே மேலே பின்னிவிட்டீர்கள் என்றால், மேலே அதற்கான படிகளே இல்லை. இழுத்து ஏற்றினால் அந்த நெடுக்கு முழுதும் சுருங்கி நிற்கும். பிரிக்க மனமில்லையென்றால் அதே நிற நூல் துண்டால் பின்பக்கம் கட்டிவிடுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததை அடுத்த வரிசையில் கூட்டிக்கொள்ளலாம்.

கண்ணிகள் முறுகி, பின்னல் விறைப்பாக இருக்கிறது

நிட் பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் திறந்த வி வடிவில் இருக்க வேண்டும். அடியில் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டால் அது முறுகிய கண்ணி. தப்பு என்று சொல்வதற்கில்லை, சில வடிவங்களில் வேண்டுமென்றே செய்வார்கள். ஆனால் தெரியாமல் வந்தால் பின்னல் நெகிழாது, அளவும் மாறும்.

ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை முறுகியிருந்தால், நிட்டிலோ பர்லிலோ ஏதோ ஒன்றில் மட்டும் நூலை எதிர்த்திசையில் சுற்றுகிறீர்கள் என்று அர்த்தம். எல்லா வரிசையும் முறுகியிருந்தால் ஒவ்வொரு கண்ணியிலும் பின்காலில் ஊசியை நுழைக்கிறீர்கள். பர்லை எதிர்த்திசையில் சுற்றி, நிட்டில் பின்காலில் நுழைத்து, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் பல வருடம் நல்ல பின்னலாகவே போட்டுவந்தவர்களும் உண்டு. அவர்கள் வட்ட ஊசியில் (இரண்டு முனையையும் ஒரு கம்பி இணைக்கும் ஊசி) முதல் தொப்பி போடும்போதுதான் முறுக்கு வெளிப்படும், ஏனென்றால் வட்டத்தில் ஸ்டாக்கினெட்டுக்குப் (நேர்ப் பின்னலில் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று வருவது) பர்ல் வரிசையே கிடையாது. கை தேர்ந்தவருக்குத் திடீரென்று கண்ணி முறுகத் தொடங்கினால் நான் முதலில் கேட்பது, வட்டத்துக்கு மாறினீர்களா என்பதுதான்.

விதி எளிது: ஊசி முனைக்கு அருகில் இருக்கும் வலது காலில் நுழையுங்கள், அது முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி.

ஸ்வெட்டர் அளவு பொருந்தவில்லை

இங்கே கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பின்னல் குறிப்பில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி என்று இருக்கிறது, மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி. அப்படியானால் 100 செ.மீ. உங்கள் கைக்கு 10 செ.மீ.யில் 22 வந்தால் அதே 200 கண்ணி 91 செ.மீ.தான். 18 வந்தால் 111 செ.மீ. இரண்டு கண்ணிதானே என்று விட்டால் ஒரு பக்கம் மூச்சு முட்டும், மறுபக்கம் தொளதொளக்கும். கண்ணி அதிகம் வந்தால் தடித்த ஊசிக்கும், குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும் மாறுங்கள். கால் மி.மீ. அல்லது அரை மி.மீ. மாற்றமே போதுமானதாக இருக்கும்.

மாதிரித் துண்டு (அளவு பார்க்க முன்கூட்டியே பின்னும் சின்னத் துண்டு) போட்டும் அளவு தப்பியது என்கிறவர்களிடம் கேட்க மூன்று கேள்வி உண்டு. துண்டு போதுமான அளவு பெரிதா? ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணியிருக்கும், ஆகவே 15 செ.மீ. சதுரமாவது பின்னி நடுவில்தான் அளக்க வேண்டும். துவைத்துக் காயவைத்த பிறகு அளந்தீர்களா? வட்டத்தில் பின்னப்போகும் வேலைக்கு மாதிரியையும் வட்டத்திலேயே பின்னினீர்களா? பலருக்கு நிட் ஒரு இறுக்கம், பர்ல் ஒரு இறுக்கம்.

நாலாவது காரணம் ஊசியின் எண். 8-ஆம் எண் ஊசி என்றால் அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ. ஒன்றில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும், மற்றதில் மெலியும். பழைய புத்தகமோ பழைய ஊசியோ கைக்கு வந்தால் எண்ணை நம்பாமல் மி.மீ. பாருங்கள். துளைகள் போட்ட ஊசி அளவுகோல் ஒன்று பையில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. என் பையில் ஊசிக்கு அடுத்து நான் அதிகம் எடுப்பது அதைத்தான்.

ஸ்டாக்கினெட் சுருள்கிறது

சுருளத்தான் செய்யும். பக்க ஓரங்கள் பின்புறமாகவும், மேலும் கீழும் முன்புறமாகவும் சுருளுவது அந்தப் பின்னலின் இயல்பு. உங்கள் கை மேல் தப்பில்லை. துவைத்து ஊசி குத்திக் காயவைத்தால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு திரும்பும். நாலைந்து கண்ணி கார்ட்டர் ஓரம், மேலும் கீழும் சில வரிசை ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி நெடுக்கில் வருவது) அல்லது கார்ட்டர் என்று முதலிலேயே திட்டமிடுவதுதான் மருந்து. முடிந்துபோன வேலையில் ஓரத்தில் கண்ணி எடுத்துப் பட்டை பின்னிச் சேர்க்கலாம்.

பின்பக்கம் பாத்தி பாத்தியாகத் தெரிகிறது

ஸ்டாக்கினெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வரிசை நெருங்கி, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு நெருங்கி என்று உழுத நிலம்போல இருந்தால், உங்கள் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வு. நன்றாகப் பின்னுகிறவர்களிடமும் இது உண்டு. பர்லை இழுத்து இறுக்க முயன்றால் நாலு வரிசைக்கு மேல் கை மறந்துவிடும், மணிக்கட்டும் வலிக்கும். முனை மாற்றிக்கொள்ளும் வட்ட ஊசி இருந்தால், பர்ல் வரிசையில் வலது கைக்கு வரும் பக்கத்தில் மட்டும் ஒரு அளவு மெல்லிய முனையை மாட்டுங்கள். கை தன் பழக்கத்திலேயே போகட்டும், ஊசி சரிசெய்துகொள்ளும். எனக்கு மிகப் பிடித்த தீர்வு இது. நாலு வரிசையிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

தொடக்க ஓரமோ முடிக்கும் ஓரமோ இறுகிவிட்டது

கழுத்து தலைக்குள் நுழையவில்லை, சாக்ஸின் வாய் குதிகாலைத் தாண்டவில்லை என்றால் உடல் பகுதியைத் தொட வேண்டாம், ஓரத்தை மட்டும் பாருங்கள். முடித்த ஓரமென்றால் அந்த ஒரு வரிசையை அவிழ்த்து, அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை தடித்த ஊசியால் திரும்ப முடியுங்கள். தொடக்க ஓரத்தில் தடித்த ஊசி மட்டும் போதாது. கண்ணியின் வளையம் பெரிதாகுமே தவிர, ஓரம் நெகிழ்வதைத் தீர்மானிப்பது ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓடும் நூல். ஏற்றும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் வலது கை ஆள்காட்டி விரலின் நுனியை வைத்து, அந்த அளவு இடம் விட்டு அடுத்ததை ஏற்றுங்கள்.

நீள்வால் முறையில் (நீளமாக விட்ட வால்நூலையும் கண்டின் நூலையும் சேர்த்துக் கண்ணி ஏற்றுவது) ஏற்றும்போது நூல் பாதியில் தீர்ந்துவிடுகிறதா? பின்னப்போகும் அகலத்தைப் போல் மூன்று மடங்கு நூலும் ஒரு சாண் கூடுதலும் விட்டுத் தொடங்குங்கள்.

வட்டத்தில் பின்னும்போது வரும் தொல்லைகள்

முதல் சுற்றில் சேர்க்கும்போதே தொடக்க ஓரம் ஊசியைச் சுற்றி முறுகியிருந்தால் பின்னல் குழாயாக வராது, முறுக்கிய பட்டையாக வரும். முதல் சுற்று முடியும் இடத்தில் கண்டுபிடித்தால் சேர்த்த இடத்தில் ஓடும் ஒற்றை நூலின்மேல் முறுக்கைத் திருப்பிவிடலாம், அந்த ஒரு நூல் முறுகியிருப்பது யாருக்கும் தெரியாது. மூன்றாவது சுற்றில் கண்டுபிடித்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஆரம்பத்தில் சொன்ன மிகக் குறைவான தப்புகளில் இது ஒன்று. இரண்டு வரிசையை நேராகப் பின்னிவிட்டுப் பிறகு வட்டமாகச் சேர்த்தால் ஓரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெளிவாகத் தெரியும். கீழே வரும் சின்ன இடைவெளியை வால்நூலால் தைத்துக்கொள்ளலாம்.

இருமுனை ஊசிகளுக்கு நடுவில் ஏணிபோலத் தளர்ந்த கோடு ஓடினால் பலர் முதல் கண்ணியை இழுத்து இறுக்குவார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னிவிட்டு இழுங்கள், அப்போதுதான் முதலாவது இறுகும். அப்புறம், சில சுற்றுக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்கு நகர்த்தி, சேரும் இடம் ஒரே நெடுக்கில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்ட ஊசியின் கம்பி சுருண்டு எரிச்சலூட்டினால் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, நேராக இழுத்துப் பிடித்து ஆறவிடுங்கள்.

நூல் நகரவில்லை, அல்லது வழுக்கிக்கொண்டே இருக்கிறது

இதில் குறை உங்கள் பின்னலில் இல்லை, ஊசிக்கும் நூலுக்கும் பொருத்தமில்லை. இறுக்கிப் பின்னுகிற கைக்கு நிக்கல் பூசிய உலோக ஊசி பெரிய நிம்மதி, கண்ணிகள் தானாக நகரும். தளர்த்திப் பின்னுகிறவருக்கும் பட்டு, மூங்கில் விஸ்கோஸ் நூலுக்கும் மூங்கிலோ மரமோ நல்லது, அது கண்ணியைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். லேஸுக்குக் கூர்முனை. முறுக்கு குறைந்த, புரி பிரியும் நூலுக்கு மழுங்கிய முனை. மர ஊசியில் எங்காவது நூல் மாட்டினால் அந்த இடத்தை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுத்தாளால் துடையுங்கள்.

மணிக்கட்டு வலிக்கிறதென்றால் நீள நேர் ஊசியை ஒதுக்கிவைத்து, நேர்ப் பின்னலையும் வட்ட ஊசியிலேயே போட்டுப் பாருங்கள். போர்வையின் கனம் கையில் தொங்காமல் மடியில் இறங்கும். இன்னும் வலித்தால் ஊசியைக் கீழே வையுங்கள்.

ஒரே நிறம், ஆனாலும் நடுவில் கோடு

இரண்டு நூற்கண்டுகளின் சாயத் தொகுதி எண் (ஒரே தடவை சாயமிட்ட நூல்களுக்குத் தரும் எண்) வேறாக இருக்கும். வாங்கும்போதே காகிதப் பட்டையில் அந்த எண்ணை ஒப்பிடுங்கள். வேறு தொகுதிதான் கிடைத்தது என்றால், இரண்டு கண்டிலிருந்தும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். வித்தியாசம் கலந்துபோகும். கையால் சாயமிட்ட நூலுக்கு எண் ஒன்றாக இருந்தாலும் இப்படிச் செய்யுங்கள்.

துவைத்ததும் உருவம் மாறிவிட்டது

கம்பளி சுருங்கி அட்டைபோல ஆனால் சூடும் தேய்ப்பும்தான் காரணம். கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு, அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டால் திரும்ப விரியாது. அதற்கு நேர்மாறு சூப்பர்வாஷ் கம்பளி. அதில் செதில்களை ரசாயனத்தால் அடக்கியிருப்பார்கள், மேலே பூச்சும் போடுவார்கள். பூட்டிக்கொள்ள ஒன்றுமில்லாததால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும், நனைந்ததும் உடை நீளும். நான் ஒரு கார்டிகனைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது கை இரண்டும் விரல்களைத் தாண்டித் தொங்கின. தூக்கியதுதான் தப்பு. தண்ணீரின் கனமே அதை இழுத்துவிட்டது. இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுத்து, டவலில் சுருட்டி அமுக்கி நீரை எடுத்து, தட்டையாகப் பரப்பி, வேண்டிய அளவுக்குத் தட்டித் தட்டி ஒடுக்கிக் காயவைக்க வேண்டும். பட்டையில் அனுமதி இருந்தால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும்.

அக்ரிலிக் நூலுக்கு இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். சூடு பட்டால் நூல் தொய்ந்து, தட்டையாகி, பளபளப்பாகிவிடும். அது மீளாது. பருத்திக்குத் துள்ளல் கிடையாது, தன் கனத்திலேயே தொங்கும், ஆகவே தொங்கவிட்டுக் காயப்போடக் கூடாது.

நூல் முனைகள் வெளியே எட்டிப் பார்க்கின்றன

ஒட்ட வெட்டியதும், ஒரே திசையில் செருகியதும்தான் காரணம். ஒவ்வொரு முனையிலும் 15 செ.மீ. விடுங்கள். முனை மழுங்கிய பெரிய தையல் ஊசியில் கோத்து, ஒரு திசையில் ஏழெட்டுக் கண்ணி செருகி, திரும்பி எதிர்த்திசையில் நாலைந்து கண்ணி செருகுங்கள். வழுக்கும் நூலென்றால் அதன் புரிகளுக்குள்ளேயே ஊசியை ஓட்டுங்கள். பிறகு உடனே வெட்டிவிடாதீர்கள். துவைத்து, விரித்து, நன்றாகக் காய்ந்து, பின்னல் தன் அளவுக்கு அடங்கிய பிறகு, மிச்ச வாலை அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள்.